நாலாம் நம்பருக்குப் போன ஜீப்

அத்தியாயம் 6

"கன்ட்ரோல், நாலு பேசுது. ஆளு மரத்துல இருந்து விழுந்துட்டாரு. கால் நசுங்கிப்போச்சு. உடனே ஜீப் அனுப்புங்க."

இதைச் சொல்லிக்காட்டியபோது ஜெபராணியின் குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு வாரமாகத் தனக்குத் தானே சொல்லிச் சொல்லி அழுகையெல்லாம் வற்றிப்போன குரல் அது.

"நான் போர்டைப் பார்த்தேன்க்கா. நாலு மஞ்சக்குழித் தோட்டத்துக்குக் கீழ தொங்குச்சு. ஜீப்பை மஞ்சக்குழிக்கு அனுப்பிட்டேன்."

ஆள் விழுந்தது மஞ்சக்குழியில் இல்லை. இரண்டு மலை தள்ளி, ஆனைப்பாறைத் தோட்டத்தில். ஜீப் மஞ்சக்குழிக்குப் போய், அங்கே ஒருவரும் விழவில்லை என்று தெரிந்து, மழையில் மண் சரிந்த பாதையில் திரும்பி ஆனைப்பாறைக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. நிழல் மரத்தில் கிளை வெட்டிக் கவாத்து பண்ண ஏறி விழுந்த அம்மாவாசிக்கு, உத்தமபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்றாராம் டாக்டர். அந்த இரண்டு மணி நேரத்தை யார் தலையில் கட்டுவது என்பதுதான் இப்போது கம்பம் பஜாரில் பேச்சு. கட்டுவதற்குத் தோதான தலை எங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது.

நாங்கள் இருந்தது மேல்மலை ஏலத்தோட்டக்காரர் சங்கத்தின் வயர்லெஸ் அறை. கீழே ஏலக்காய்க் கடை, மேலே இந்த அறை. மலை மேல் இருப்பவர்களுக்கு இதுதான் கன்ட்ரோல். எண்பத்துமூன்றாம் வருஷம் ஆனி மாதம். ஜன்னலுக்கு வெளியே கம்பம் மெட்டுப் பக்கம் முழுக்க மேகம் இறங்கியிருந்தது.

என்னைப் பற்றி ஒரு வரி. பெயர் தங்கபாண்டி. தேனி–கம்பம் பஸ்ஸில் ஆறு வருஷம் கண்டக்டர். ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டரிடம் வாயைக் கொடுத்ததில் வேலை போயிற்று, வாய் மட்டும் மிச்சம். அந்த வாயைச் சகித்துக்கொண்டு எனக்கு வேலை கொடுத்தவர் கிருபாவதி அக்கா. தேனி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருஷம் டிரங்க் கால் போட்டுவிட்டு, இப்போது தேனியில் துப்பறியும் ஏஜென்சி நடத்துகிறார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது நானா பீரோவா என்று தெரியாது. ஆனால் காது இருக்கிறதே, பொல்லாத காது.

ஜெபராணிக்கு இருபத்துநாலு வயது. சித்திரையில்தான் இந்த வயர்லெஸ் பார்க்கும் வேலைக்கு வந்தாள். சங்கத்துச் செயலாளர் பொன்னுராஜ் சொல்வது இதுதான்: இவள் கவனமில்லாமல் ஒரே நம்பரை இரண்டு தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டாள், கால் போனதும் பயந்து நோட்டைத் திருத்திவிட்டாள். சனிக்கிழமை நாலு மணிக்குச் சங்கக் கூட்டம். அன்றைக்கே வேலையை விட்டு எடுத்து, போலீஸில் எழுதிக் கொடுக்கப்போகிறார்கள். இன்று செவ்வாய்.

"வேலை போனாப் போகுதுக்கா," என்றாள் ஜெபராணி. "நான் ரெண்டு பேருக்கு ஒரே நம்பரைக் குடுத்தேனா இல்லையான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. குடுக்கலைன்னுதான் நெனக்கேன். ஆனா இப்பல்லாம் எனக்கே என் மேல சந்தேகமா இருக்கு."

அக்கா அவள் கையைப் பிடித்தார். பிறகு, நம்பர் கொடுக்கிற முறையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

முறை இது. மலை மேல் ஒன்பது தோட்டம், ஒன்பது வயர்லெஸ் செட். காலை ஆறரைக்கு ஒவ்வொரு தோட்டமும் கன்ட்ரோலைக் கூப்பிட்டு நம்பர் கேட்கும். ஜெபராணி ஒரு பிஸ்கட் டப்பாவைக் குலுக்கி, அதிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்து, அதில் அடித்திருக்கும் நம்பரைச் சொல்வாள். தோட்டத்தில் செட் பார்ப்பவர் அதைத் திருப்பிச் சொல்வார். இவள் போர்டில் அந்தத் தோட்டத்தின் பெயருக்குக் கீழே வில்லையை மாட்டி, நோட்டிலும் எழுதிவிட்டு, "மாட்டியாச்சு" என்பாள். சாயங்காலம் ஆறு மணி வரை அந்த நம்பர்தான் அந்தத் தோட்டத்துக்குப் பெயர். உயிரே போனாலும் தோட்டத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. மறுநாள் புது நம்பர். ரேடியோவைத் திருகி ஒட்டுக்கேட்கும் களவாணிகளுக்கு, எந்தத் தோட்டத்திலிருந்து ஏலக்காய் மூட்டை இறங்குகிறது என்று தெரிந்துவிடக் கூடாதாம்.

"காலையில நம்பர் கேக்கும்போது தோட்டத்துப் பேரைச் சொல்லித்தானே கேக்காக? களவாணி அப்பவே கேட்டுக்கிற மாட்டானா?" என்றேன்.

அதைச் செயலாளரிடம் இவளும் கேட்டாளாம். ஆறரை மணிக்குக் களவாணி எந்திரிக்க மாட்டான் என்று பொன்னுராஜ் சொல்லிவிட்டார். களவாணித் தொழிலைப் பற்றிச் சங்கத்துக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம்.

அக்கா டப்பாவைக் கேட்டு வாங்கி, வில்லைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரலால் தேய்த்தார். ஒன்றே ஒன்று மட்டும் புதுக் காசு மாதிரி பளபளவென்று இருக்கிறதே என்றார். ஜெபராணியின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அவள் வந்தபோது போர்டில் பத்து ஆணி, டப்பாவில் ஒன்பது வில்லைதானாம். டிராயரைத் துப்புரவு செய்தபோது காகிதத்தில் சுற்றிய வில்லை ஒன்று கிடைத்தது. யாரோ தொலைத்ததைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், புளி போட்டுத் தேய்த்து டப்பாவில் சேர்த்துவிட்டாள். வேலைக்கு வந்த மூன்றாம் வாரமே செய்த காரியம்.

"இப்ப எப்படிக் குலுக்குவேன்னு செஞ்சு காட்டு," என்றார் அக்கா.

ஜெபராணி குலுக்கி என் பக்கம் நீட்டினாள். நான் கையை விட்டு ஒன்றை எடுத்தேன். கை தவறி டப்பாவுக்குள்ளேயே விழுந்துவிட்டது. மறுபடி எடுத்தேன், மூன்று வந்தது. "மூணு வாங்கிக்கிட்டேன்" என்றேன், மலை மேல் இருக்கிறவன் மாதிரி. அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படியில் இறங்கும்போது என் கருத்தைச் சொன்னேன். இதில் துப்பறிய என்ன இருக்கிறது? எவனோ ஒருத்தன் இன்னொரு செட்டை வைத்துக்கொண்டு, இவள் பதில் சொல்வதற்கு முன்னால் அவன் ஒரு நம்பரைச் சொல்லிவிடுகிறான். மலை மேல் இருப்பவர்கள் முதலில் கேட்டதை வாங்கிக்கொள்கிறார்கள். போட்டி கன்ட்ரோல். அவனைப் பிடித்தால் கேஸ் முடிந்தது.

"இருக்கலாம்," என்றார் அக்கா. "பேசுறதை முழுசாப் பிடிச்சுக் கேட்டாத்தான் தெரியும். போயி டேப் ரெக்கார்டர் கொண்டு வா."

*

புதன்கிழமை காலை ஆறே காலுக்கு வயர்லெஸ் செட்டின் வாயருகே டேப் ரெக்கார்டரை வைத்தோம். ஒன்பது தோட்டமும் கேட்டன, ஜெபராணி ஒன்பது நம்பர் கொடுத்தாள். ஒரு வார்த்தை விடாமல் கேசட்டில் ஏறியது. பிறகு பகல் பூராவும் எந்த நம்பர் பேசினாலும் அதையும் பிடித்தோம். வியாழக்கிழமையும் அப்படியே.

வியாழன் காலை ஏழு மணிக்கு அக்கா இரண்டு நாள் கேசட்டையும் திருப்பிப் போட்டுக் கேட்க ஆரம்பித்தார். நான் என் போட்டி கன்ட்ரோல்காரன் எங்காவது இருமுகிறானா, கனைக்கிறானா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருத்தனும் இல்லை. ஒரு கேள்விக்கு ஒரே பதில்தான், அதுவும் ஜெபராணியின் குரல்தான். இரண்டு நாளும் எந்த நம்பரையும் அவள் இரண்டு தடவை சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் என் களவாணி காணாமல் போய்விட்டான்.

"அப்ப அன்னைக்கு மட்டும் தப்பு செஞ்சிருப்பேனோ?" என்று ஜெபராணி கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா மூன்றாம் தடவையாகக் கேசட்டைப் போட்டார். இந்த முறை மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டார். கேட்டது ஒரு தட்டு, கொடுத்தது ஒரு தட்டு, திருப்பிச் சொன்னது ஒரு தட்டு, மாட்டியது ஒரு தட்டு. நாலு நாலாகப் போய்க்கொண்டிருந்த விரல் வியாழக்கிழமைக் கேசட்டில் ஆறாவது தோட்டம் வந்ததும் நின்றது.

"குருவிமலைத் தோட்டம் நம்பரைத் திருப்பிச் சொல்லலையே?" என்றார்.

ஓட்டிப் பார்த்தோம். உண்மைதான். மற்ற எல்லாரும், "ஆறு வாங்கிக்கிட்டேன்," "ஒண்ணு வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லியிருந்தார்கள். குருவிமலை மட்டும் "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. புதன்கிழமை அதே ஆள் அழகாக "ரெண்டு வாங்கிக்கிட்டேன்" என்று திருப்பிச் சொல்லியிருந்தார்.

"சரின்னாலும் வாங்கிக்கிட்டதாத்தானே அர்த்தம்?" என்றேன்.

"எக்ஸ்சேஞ்சுல இருபத்திரெண்டு வருஷம் நம்பர் சொல்லியிருக்கேன், தங்கபாண்டி. திருப்பிச் சொன்னவுக எழுதிக்கிட்டாக. சரின்னவுக எழுதிக்கிறலை."

அந்த ஆள் யார் என்று அக்கா கேட்டார். குருவிமலையில் செட் பார்ப்பவர் சுருளியாண்டி, கொஞ்சம் மூக்கால் பேசுவார் என்றாள் ஜெபராணி. அக்கா நாற்காலியைச் செட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டீ வந்தது, ஆறியது. பதினோரு மணி இருக்கும். செட் கரகரத்தது.

"கன்ட்ரோல், ரெண்டு பேசுது. டீசல் தீந்துபோச்சு. ஜீப்புல ஒரு டின் ஏத்தி விடுங்க."

ஜெபராணி போர்டைப் பார்த்தாள். இன்றைக்கு இரண்டாம் நம்பர் ஆனைப்பாறைக்குக் கீழே தொங்கியது. ஆனைப்பாறைக்கு டீசல் என்று சொல்ல வாயைத் திறந்தவளின் கையை அக்கா அழுத்திப் பிடித்தார்.

"ஆத்தா, மூக்கைக் கவனி," என்றார்.

பேசியது சுருளியாண்டியின் மூக்கு. குருவிமலை. காலையில் வேறு நம்பரை வாங்கிவிட்டு, நேற்றைய நம்பரைச் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆனைப்பாறையும் இரண்டு, குருவிமலையும் இரண்டு. ஜெபராணி கொடுக்காமலே ஒரே நம்பரில் இரண்டு பேர் முளைத்துவிட்டார்கள்.

அந்தப் பெண் எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். டீசலுக்குப் பதில் இன்றைக்கு யாராவது விழுந்திருந்தால் ஜீப் இன்னொரு தடவை தப்பாகப் போயிருக்கும். நாங்கள் மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டு இருந்திருப்போம்.

அக்கா நோட்டைப் புரட்டினார். சித்திரையிலிருந்து மூன்று கோளாறு நடந்திருந்தது. ஒரு அரிசி மூட்டை தப்பான தோட்டத்துக்குப் போயிற்று. ஊசி போடப் போன கம்பவுண்டர் தப்பான தோட்டத்துக்குப் போனார். மூன்றாவது அந்த ஜீப். மூன்று நாளும் கூப்பிட்ட தோட்டம் சொன்னது, அதற்கு முந்தின நாள் அது வாங்கிய நம்பரை. ஆனைப்பாறைக்கும் அப்படித்தான். விபத்துக்கு முந்தின நாள் அதன் நம்பர் நாலு.

"நோட்டை யாரும் திருத்தலை," என்றார் அக்கா. "ஏன் இவுக சில நாள் மட்டும் புது நம்பரை வாங்க மாட்டேங்காக, அதுதான் தெரியணும். இவளுக்கு முன்னால இங்கன யார் இருந்தது?"

*

முன்னால் இருந்தவர் சீனிச்சாமி. ஓய்வு பெற்றுக் கோம்பையில் இருக்கிறார். மத்தியானம் பஸ் பிடித்துப் போனோம். கோம்பையில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, வீட்டுக்குள் நுழைவதுதான் கஷ்டம். செவலை நிறத்தில் ஒரு நாய், என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு டிக்கெட் கிழித்துவிட்டது. சீனிச்சாமி வந்து அதட்டிய பிறகுதான் வாசலைத் தாண்டினேன்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. வேலையை விட்டு வரும்போது டப்பாவில் எத்தனை வில்லை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டார்.

ஒன்பது என்றார் அவர். தோட்டம் ஒன்பது, வில்லை ஒன்பது.

"போர்டுல ஆணி பத்து இருக்கே?"

"அது செஞ்சவன் கணக்குப் பார்க்காம அடிச்சது," என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். அவர் முகம் மாறிப்போயிற்று. "எட்டை யாரு வெளிய எடுத்தா?"

நாய்கூட உறுமுவதை நிறுத்திவிட்டது.

பிறகு அவரே சொன்னார். வில்லை வந்த முதல் வருஷம் எட்டாம் நம்பரைக் கொடுத்துப் பார்த்தாராம். சனியன் நம்பரை எவன் தலையில் சுமப்பான்? மரம் ஏற வேண்டியவர்கள், யானை நடமாடும் பாதையில் போக வேண்டியவர்கள், வேண்டவே வேண்டாம் என்றார்கள். சண்டை வேறு. அவர் ஒரு காகிதத்தில் சுற்றி அதை டிராயரில் போட்டுவிட்டார். பதினோரு வருஷம் ஒரு வம்பும் இல்லை. புதுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. எட்டு வேண்டாம் என்பதை ஒருத்தருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்ன?

ஜெபராணி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. அவளுக்கு எட்டும் ஒன்றுதான், ஏழும் ஒன்றுதான். தொலைந்த வில்லை கிடைத்ததே என்று தேய்த்து டப்பாவில் போட்டுவிட்டாள். புதுப் பிள்ளையிடம், அதுவும் படித்த பிள்ளையிடம், எனக்கு எட்டு வேண்டாம் என்று சொல்ல மலை மேல் இருக்கும் ஆம்பிளைகளுக்கு வெட்கம். சரி என்று சொல்லிவிட்டுப் பழைய நம்பரையே வைத்துக்கொண்டார்கள். எட்டு டப்பாவிலேயே தங்கிவிட்ட நாளில் வம்பில்லை. யார் கைக்காவது போன நாளில்தான் இந்த வினை. நோட்டிலிருந்த அந்த மூன்று நாளும், குருவிமலைக்கு அன்று காலையும், வந்தது எட்டுதான்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் தலையில் அடித்துக்கொண்டேன். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மூடத்தனமா என்று ஒரு பிரசங்கம் செய்தேன். அக்கா முழுவதையும் கேட்டார்.

"செவ்வாக்கிழமை டப்பாவுல இருந்து முதல்ல என்ன எடுத்த, தங்கபாண்டி?"

"அது கை தவறி..."

"கை தவறலை. பார்த்த, போட்டுட்ட. எட்டு. பளபளன்னு மின்னுச்சே, எனக்கே தெரிஞ்சுது. நீ ஏன் போட்டன்னு அப்பப் புரியலை."

பஸ் வந்தது. நான் ஏறி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு அது பெரிய விஷயம்.

*

இதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அக்கா வெள்ளிக்கிழமை காலை உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். சுருளியாண்டி செய்ததைக் காட்டிச் சங்கத்தின் வாயை அடைக்க முடியாது. விபத்து நடந்த அன்று ஆனைப்பாறையில் கன்ட்ரோலிடம் நம்பர் வாங்கியது யார், என்ன நம்பர் வாங்கினார் என்று அந்த ஆள் வாயாலேயே வர வேண்டும். நோட்டில் அன்றைக்கு ஆனைப்பாறைக்கு எட்டு என்று இருக்கிறது. அதைத்தான் பொன்னுராஜ் பொய் என்கிறார்.

"ஆனைப்பாறையில செட் பார்க்கிறது யாரு?" என்று நான் கேட்டேன்.

அக்கா டேப் ரெக்கார்டரை என் தோளில் மாட்டிவிட்டார். வார்டுக்குள் நுழைந்து கட்டிலைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. காலையில் செட், பிறகு மரம். இரண்டு வேலையும் அம்மாவாசிதான். அன்றைக்கு அவர் விழுந்ததும், கூட இருந்த யாரோ ஓடிப்போய் மைக்கை எடுத்து, காலையில் அவர் சொல்லியிருந்த நம்பரைச் சொல்லியிருக்கிறார்கள்.

நாற்பது வயதிருக்கும். கன்னம் ஒட்டிப்போய்ப் படுத்திருந்தார். போர்வை ஒரு பக்கம் முழங்காலுக்கு மேலேயே தட்டையாகிவிட்டிருந்தது. அவர் மனைவி சுருளியம்மாள் எழுந்து எங்களுக்கு நேரே நின்றுகொண்டாள்.

"அந்தச் சிறுக்கி அனுப்பிச்சாளா உங்களை? எம் புருசன் காலைத் தின்னவ. சனிக்கிழமை நானே வந்து அவ மூஞ்சியில கேக்கணும்னு இருக்கேன்."

அக்கா கோபப்படவில்லை. அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி, பதில் சொன்னதும் போய்விடுகிறோம் என்றார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டார்.

"அன்னைக்குக் காலையில கன்ட்ரோல் உங்களுக்கு என்ன நம்பர் குடுத்துச்சு?"

அம்மாவாசி மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார்.

"நாலு," என்றார்.

முடிந்தது. ஜெபராணி முடிந்தாள். ஒரு காலை இழந்தவரிடம் போய் நீ பொய் சொல்கிறாய் என்று யார் சொல்வது? நான் அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. அவர் டேப் ரெக்கார்டரை வாங்கிப் போர்வை ஓரத்தில் வைத்து, பொத்தானை அழுத்தினார்.

"எட்டு," என்றது ஜெபராணியின் குரல்.

"சரி," என்றது ஒரு மூக்குக் குரல்.

அக்கா நிறுத்திவிட்டார்.

"இன்னொருக்கப் போடுங்கம்மா," என்றார் அம்மாவாசி. போட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு மனைவியிடம், வெளியே போய் ஒரு டீ வாங்கிவரச் சொன்னார். அவள் அசையவில்லை.

"இது குருவிமலை ஆண்டி," என்றார் கடைசியில். "நாந்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன். எட்டு வந்தாச் சரின்னு மட்டும் சொல்லு, பழைய நம்பரையே வச்சுக்க, அந்தப் பிள்ளைக்குத் தெரியவா போகுதுன்னு. அன்னைக்கு எனக்கும் எட்டுதாம்மா வந்துச்சு. மரம் ஏற வேண்டிய நாளு. அதை வச்சுக்கிட்டு எப்படி ஏற?"

சுருளியம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எட்டையே வாங்கியிருந்தா," என்று மெதுவாகக் கேட்டார் அம்மாவாசி, "ஜீப்பு நேரா எங்கிட்ட வந்திருக்கும்லம்மா?"

நான் அக்காவின் காலை ஓங்கி மிதித்தேன். செருப்பு நசுங்கியிருக்கும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வந்திருக்கும்ண்ணே," என்றார்.

அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். சுருளியம்மாள் கட்டிலைச் சுற்றி வந்து, போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டாள். நீவிக்கொண்டே சொன்னாள்.

"பத்து நாளா அந்தப் பிள்ளையை மண்ணை வாரித் தூத்திக்கிட்டு இருந்தேன். நீ கேட்டுக்கிட்டுத்தான படுத்திருந்த."

அக்கா எழுதிய தாளில் அம்மாவாசியே கை நீட்டி ரேகை வைத்தார்.

வெளியே வந்ததும் அக்காவிடம் கத்தினேன். ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருப்பீர்கள், மழை, மண் சரிவு, எப்படியும் நேரமாகியிருக்கும் என்று சொல்லக் கூடாதா என்று. அவர் புளியமர நிழலில் நின்று கண்ணாடியைத் துடைத்தார். கண்ணையும் துடைத்தார்.

"அவருக்குப் பத்து நாளாத் தெரியும், தங்கபாண்டி. தனியாத் தெரிஞ்சுக்கிட்டுக் கிடந்தாரு," என்றார்.

*

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அந்தத் தாளைக் கொண்டுவந்தது சுருளியம்மாள்தான். செயலாளர் பொன்னுராஜ் இரண்டு தடவை படித்தார். பிறகு அக்கா, வந்திருந்த தோட்டக்காரர்களைப் பார்த்து, உங்கள் ஆட்களில் யார் எட்டை வாங்குவார்கள் என்று கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வில்லையை மேஜையில் வைத்து, உங்களில் யாராவது கையில் எடுங்கள் என்றார். அதற்கும் யாரும் அசையவில்லை. ஜெபராணி மேல் குற்றமில்லை, அவள் வேலையில் தொடரலாம் என்று தீர்மானம் எழுதினார்கள். எட்டைப் பழையபடி டிராயரில் போட வேண்டும் என்றும் எழுதினார்கள்.

எல்லாரும் போன பிறகு ஜெபராணி அந்த வில்லையைக் காகிதத்தில் சுற்றினாள்.

"நீ ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் குடுக்கலை," என்றார் அக்கா. "நீ கேட்டதுக்கு அதுதான் பதில்."

"ஆனா இதைத் தேச்சு டப்பாவுல போட்டது நான்தானேக்கா?"

கேஸ் ஜெயித்த நாளில் மூன்று பேரும் துக்க வீட்டில் இருப்பது போல உட்கார்ந்திருந்தோம்.

திங்கட்கிழமை காலையில் டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வரப் போயிருந்தோம். ஆறரை மணி. ஜெபராணி ஒவ்வொருவருக்கும் நம்பர் கொடுத்துக்கொண்டிருந்தாள். டப்பாவில் ஒரே ஒரு வில்லை மிச்சமிருந்தபோது, செட்டில் ஒரு பெண் குரல் கேட்டது. பழக்கமில்லாத ஆள், மைக்கை வாயில் ஒட்டிவைத்துக்கொண்டு கத்தினாள்.

"ஆனைப்பாறை பேசுது. எம் புருசன் வேலையை எனக்குக் குடுத்திருக்காக. நம்பர் குடு தாயி."

ஜெபராணியின் கை டப்பாவுக்குள் நின்றுவிட்டது. அது சுருளியம்மாள்.

"இரு," என்றது செட். "அந்த எட்டு அங்கன இருக்கா, தூக்கி எறிஞ்சுட்டாகளா?"

"டிராயர்ல இருக்குக்கா."

"அதை எனக்குக் குடு. இன்னைக்கு மட்டும் இல்ல, எந்நாளும் ஆனைப்பாறைக்கு அதுதான். வேற யாரும் கேக்க மாட்டாக, அதுனால வேற யாருக்கும் போகாது. எங்க ஆளு விழுந்தா ஜீப்பு இங்கன வரணும்."

ஜெபராணி டிராயரைத் திறந்து காகிதத்தைப் பிரித்தாள்.

"எட்டு," என்றாள்.

"எட்டு வாங்கிக்கிட்டேன்," என்றாள் சுருளியம்மாள். ஒன்பது தோட்டத்துக்கும் கேட்டிருக்கும்.

ஜெபராணி போர்டுக்குப் போய் ஆனைப்பாறைக்குக் கீழே வில்லையை மாட்டினாள். திரும்பி வந்து மைக்கை எடுத்தாள்.

"மாட்டியாச்சு," என்றாள். இப்போதுதான் அவள் குரல் நடுங்கியது.